விரல்கள் மறந்த எழுத்து: அரபுத்தமிழிலிருந்து விசைப்பலகை வரை

திருக்குர்ஆனில் முதன்முதலாக அருளப்பெற்ற வசனங்கள் ஓதுதலையும் எழுதுகோலையும் சேர்த்தே பேசுகின்றன. ‘அல்கலம்’ என்ற பெயரிலேயே 68ஆவது அத்தியாயம் அமைந்துள்ளது. நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் தம் எழுத்தர்களுள் ஒருவரான ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு பணித்தார்கள். வரும் கடிதங்களைப் படிக்கவும் மறுமொழி எழுதவும் அது தேவைப்பட்டது. அவர் ஏறத்தாழ அரை மாதத்தில் அதைக் கற்றுத் தேர்ந்தார் என்பது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. காலத்தின் தேவைக்கேற்ப எழுத்துக்கலையைக் கற்பது நம் முன்னோர்களுக்குப் புதிதன்று.

இன்று நம் வீடுகளில் எழுதுகோலின் இடத்தை விசைப்பலகையும் கைப்பேசித் திரையும் பிடித்துக்கொண்டன. கையால் எழுதுவது நல்லதா, தட்டச்சு செய்வது நல்லதா என்று பெற்றோர் பலர் கேட்கின்றனர். நம் சமுதாயத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அதைவிட அவசரமான கேள்வி ஒன்று எழுகிறது. கருவி எதுவாயினும், நம் பிள்ளைகளின் விரல்களுக்கு எந்த எழுத்து தெரியும்?

துறைமுகம் வளர்த்த தொழில்

வடசென்னை மக்களுக்குத் தட்டச்சு அந்நியமான தொழிலன்று. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து புறப்பட்டது. துறைமுகமும் ரயிலும் சுங்கமும் அடுத்தடுத்து நின்ற பகுதியில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. ஒரு கப்பலின் சரக்குப் பட்டியல் கப்பல் முகவர், சுங்க அதிகாரி, வணிகர், வங்கி எனப் பலருக்கும் ஒரே மாதிரியாகச் சென்று சேர வேண்டும். கையால் நான்கு படிகள் எழுதினால் நான்கிலும் நான்கு விதமான பிழை நேரும். தட்டச்சுப் பொறியில் தாள்களுக்கு இடையே கார்பன் தாளை வைத்து ஒருமுறை அடித்தால் போதும். எல்லாப் படிகளும் ஒன்றாகவே அமையும். கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், அலுவலகத்தில் பொறியே வென்றதற்கு இது முக்கியக் காரணம்.

விடுதலைக்குப் பிறகு எண்ணூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலையும், 1950களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு தொழிற்சாலையும், 1960களில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தன. ஆலைக்குள் இயந்திரங்கள் ஓடியதைப் போலவே அலுவலக அறைகளில் தட்டச்சுப் பொறிகள் ஓடின. 1955இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே பொறிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. தெருக்களில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் பெருகின. பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களும் இளம்பெண்களும் காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் அங்கே சென்று, ஆங்கிலத்துக்கு ‘ஏ, எஸ், டி, எஃப்’ என்றும் தமிழுக்கு ‘ய, ள, ன, க’ என்றும் விசையைப் பாராமல் அடித்துப் பழகினர். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் ‘லோயர்’, ‘ஹையர்’ தேறியவர்கள் தட்டச்சர் பணிக்கு விண்ணப்பிக்க முடிந்தது. மீன்பிடித் தொழிலையும் ஆலைக் கூலியையும் நம்பியிருந்த பல குடும்பங்களில் முதல் மாதச் சம்பளக்காரரை உருவாக்கியது இந்தச் சான்றிதழ்தான்.

முத்தையா செய்த பணி

தமிழில் தட்டச்சு செய்ய ஒரு பொறி தானாக வந்துவிடவில்லை. ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள், தமிழுக்கோ 247. ஒரு பொறியில் நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளே இருக்கும். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. மலாயா, சிங்கப்பூர்ப் பகுதிக்குச் சென்று பணியாற்றிய அவர், ஆங்கிலப் பொறியைக் கண்டு தமிழுக்கும் அதுபோல் ஒன்று வேண்டுமென்று உழைத்தார். எழுத்துகளைக் குறிகளாகப் பிரித்தார். கால், கொம்பு முதலியவற்றுக்குத் தனித்தனி விசை வைத்தார். புள்ளி போன்ற குறிகளை அடிக்கும்போது தாள் நகராமல் நிற்கும்படி ‘நகரா விசை’யை அமைத்தார். முதல் உலகப் போருக்குப் பின்னர் ஜெர்மனியின் சைடல் அண்டு நௌமன் நிறுவனம் அந்தப் பொறியைச் செய்து தந்தது.

ஒரு தனிமனிதர் முயன்று தமிழ் எழுத்தைப் பொறிக்குள் அமர்த்தியதால்தான், பிற்காலத்தில் தமிழ் ஆட்சிமொழியானபோது அரசு அலுவலகங்களில் தமிழ்க் கோப்புகள் சாத்தியமாயின. இப்படி ஒருவர் வாய்க்காத எழுத்துக்கு என்ன நேரும்? அதற்கான விடை நம் வீட்டுப் பரண்களிலேயே இருக்கிறது.

பரணில் கிடக்கும் அரபுத்தமிழ்

தமிழ் மொழியை அரபு எழுத்தில் எழுதும் முறையை நம் முன்னோர்கள் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டனர். ற, ள, ட, ங போன்ற தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துகளை உருவாக்கிக்கொண்டனர். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என இந்த அரபுத்தமிழ் வழங்கிய பரப்பு பெரிது. மார்க்கச் சட்டம், திருக்குர்ஆன் விளக்கம், மருத்துவம், பாமாலை ஆகிய யாவும் அதில் எழுதப்பட்டன. ‘இமாமுல் அரூஸ்’ எனப் போற்றப்படும் கீழக்கரை செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) அவர்கள் அதில் எழுதிய நூல்கள் வீடுதோறும் ஓதப்பட்டன. பள்ளிக்கூடம் செல்லாத பெண்கள்கூட, திருக்குர்ஆன் ஓதுவதற்காகக் கற்ற எழுத்தைக் கொண்டே தமிழ் நூல்களைப் படித்தனர்.

அந்நூல்களை அச்சுக்குக் கொண்டுவந்தது கல்லச்சு. 1796ஆம் ஆண்டையொட்டி ஜெர்மனியில் கண்டறியப்பட்ட இம்முறையில், எழுத்தர் பிசுபிசுப்பான மையால் எழுதியதைக் கல்லில் படியவைத்து அப்படியே படியெடுக்கலாம். எழுத்தரின் கைதான் அச்சு. ஈய எழுத்துகள் வேண்டியதில்லை. ஆகவே அரபுத்தமிழ் 19ஆம் நூற்றாண்டில் செழித்தது. பின்னர் ஈய அச்சும் தட்டச்சுப் பொறியும் எங்கும் பரவின. நம் அலுவலகங்களுக்கும் இன்ஸ்டிடியூட்டுகளுக்கும் வந்த பொறிகளில் ஆங்கிலம் இருந்தது, தமிழ் இருந்தது. அரபுத்தமிழின் எழுத்துகளுக்கு இடமில்லை. பள்ளிக் கல்வி தமிழ் எழுத்தில் அமைந்ததும் இதனோடு சேர்ந்துகொண்டது. எவரும் தடை விதிக்காமலே, எவரும் எதிர்க்காமலே, ஓர் எழுத்து புழக்கத்திலிருந்து நழுவியது. இன்று பாட்டியின் கிதாபைத் திறந்தால் எழுத்துகளை அடையாளம் காண்கிறோம். அரபி என எண்ணி ஓத முயல்கிறோம். அதில் இருப்பது நம் தாய்மொழி என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

கையும் பொறியும் பகையல்ல

அதே நகரத்தில் வேறொரு சான்றும் உண்டு. திருவல்லிக்கேணியில் 1927இல் செய்யிது அஸ்மத்துல்லாஹ் தொடங்கிய ‘தி முஸல்மான்’ உருது நாளிதழ், காத்திப்கள் எனப்படும் எழுத்தர்கள் கையால் எழுதிய பக்கங்களோடு தலைமுறை தலைமுறையாக வெளிவந்தது. அந்த எழுத்தர்களில் பெண்களும் உண்டு. கணினி உருது வந்த பிறகும் அவர்கள் நாணற்பேனாவைக் கைவிடவில்லை. ஆனால் எழுதிய பக்கம் படமெடுக்கப்பட்டு, தகடாக்கப்பட்டு, பொறியில்தான் அச்சாகியது.

நாம் நாள்தோறும் ஓதும் மதீனா முஸ்ஹஃபும் அவ்வாறே. சிரியாவைச் சேர்ந்த உஸ்மான் தாஹா அவர்கள் கையால் எழுதியதை, 1984இல் மதீனாவில் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹத் அச்சகம் கோடிக்கணக்கில் அச்சிட்டு உலகெங்கும் அனுப்புகிறது. கை எழுத்தின் அழகைக் காக்கிறது. பொறி அதைப் பரப்புகிறது. இரண்டும் இணையும் இடத்தில் எழுத்து வாழ்கிறது.

இன்றைய ஆபத்து

தமிழ் எழுத்துக்கு அரபுத்தமிழின் நிலை வராது என்று நாம் உறுதியாக இருக்க முடியுமா? 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றியது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அது உதவியது. எனினும் அதற்கு முந்திய புத்தகங்களைக் கண்டால் இன்றைய பிள்ளைகள் அந்த எழுத்துகளில் தடுமாறுகின்றனர். 13 எழுத்துகளுக்கே இந்த நிலை. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலோ முழுத் தமிழும் ஆங்கில எழுத்தில் எழுதப்படுகிறது. பேசுவது தமிழ், விரல்களுக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து. அரபுத்தமிழ் மறைந்ததும் இதுபோன்ற ஓசையற்ற மாற்றத்தால்தான்.

இத்தனைக்கும் அரபுத்தமிழுக்கு வாய்க்காத வசதி தமிழுக்கு வாய்த்திருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டின் பயனாக ‘தமிழ்99’ விசைப்பலகை உருவாகி, அரசின் ஏற்பையும் பெற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய்களில் பெரும்பாலானவை வலக்கைப் பக்கம். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே வரும். அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளை அடித்தால் ‘அம்மா’ வந்துவிடும். நம் பெயர்களுக்கு வேண்டிய ஹ, ஜ, ஷ, ஸ ஆகியவை ஷிஃப்ட் விசையோடு கிடைக்கின்றன. பெரும்பாலான கணினிகளிலும் கைப்பேசிகளிலும் இதைச் செலவின்றி அமைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் அரைமணி நேரம், சில வாரங்கள் பழகினால் விரல்கள் தாமே இடமறியும்.

கையெழுத்தையும் விட்டுவிட வேண்டாம். வெள்ளிக்கிழமை பயானின் குறிப்பைப் பிள்ளைகள் தம் கையால் எழுதட்டும். சிற்றப்பாவுக்கு அனுப்பும் ஸலாமைத் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்யட்டும். வீட்டில் பழைய அரபுத்தமிழ் கிதாப் இருந்தால், அதைப் படிக்கத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே உடன் அமர்ந்து சில பக்கங்களையேனும் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்து வைப்போம். அந்தப் பெரியவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது.

ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள் பிறருடைய எழுத்தை அரை மாதத்தில் கற்றார்கள். நம்முடைய எழுத்தை நம் பிள்ளைகளின் விரல்களுக்குக் கற்பிக்க அதைவிடச் சற்றுக் கூடுதலான காலம் ஆகலாம். எழுதுகோலைக் கொண்டு கற்பித்த இறைவன், நம் தலைமுறைகளுக்கு அந்தப் பயனுள்ள கல்வியை நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.