தாய்வழிக் குடியும் தந்தைவழிப் பிரசாவுரிமையும்

மட்டக்களப்புத் தென்பகுதியிலே, கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் கரையோரத்திலும், அதற்கு மேற்கே வயலும் வாவியும் சூழ்ந்த நம் நாவிதன்வெளி போன்ற ஊர்களிலும், கலியாணப் பேச்சு எழும்பொழுது முதியோர் கேட்கும் முதற்கேள்வி, 'என்ன குடி?' என்பதாகும். அதற்கு விடை தாயிடமிருந்தே வருகின்றது. தகப்பன் எக்குடியைச் சேர்ந்தவனாயினும் பிள்ளைகள் தாயின் குடியையே சேர்வர். தமிழரிடையே உலகிப்போடி குடி, பணிக்கனார் குடி என்றும், முஸ்லிம்களிடையே பொன்னாச்சி குடி, வரிசைநாச்சி குடி என்றும் இவை வழங்குகின்றன. கோயிலிலே வண்ணக்கரும் பள்ளிவாசலிலே மரைக்காரும் குடிவழியாகத் தெரிவுசெய்யப்படுவது இங்கு நெடுங்கால வழக்கம். மதம் இரண்டாயினும் இவ்வழக்கு ஒன்றாயிருப்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றிலே பல்லாண்டுகள் ஆராய்ந்து 2008ஆம் ஆண்டு வெளியிட்ட பெருநூலும் இதனை விரிவாகப் பேசுகின்றது.

இத்தகைய மண்ணிலே, 1948 நவம்பர் 15ஆம் நாள் முதல், அரசு மற்றொரு கேள்வியைக் கேட்கலாயிற்று: 'உன் தகப்பன் யார்? அவன் எங்கே பிறந்தான்?' தாயைப் பற்றி அக்கேள்வியில் ஒரு சொல்லும் இல்லை. அயல்நாட்டவரை மணந்த நம் பெண்களும், நம் நாட்டவரை மணந்து வந்த அயல்நாட்டுப் பெண்களும் பட்ட அல்லலின் வரலாறு இவ்விரு கேள்விகளுக்கும் இடையேதான் அடங்கியிருக்கின்றது.

வெவ்வேறு மொழி பேசும் இருவர் மணந்துகொண்டால் அவர்கள் எப்படிப் பேசிக்கொள்வர் என்று உலகம் வியப்போடு வினவும். நம் கரையோரத்தின் பழைய வரலாறு இதற்கு எளிய விடை தருகின்றது. அரபு நாடுகளிலிருந்தும் தென்னிந்தியக் கரையிலிருந்தும் வந்த வணிகர் இங்கே பெண் கொண்டனர். வந்த மாப்பிள்ளை மனைவியின் வீட்டிலே குடியேறினான். அவள் தாய்க்கும் தமக்கையர்க்கும் நடுவே வாழ்ந்தான். அவர்கள் பேசிய தமிழைக் கற்றான். பிள்ளைகள் தாயின் மடியிலே தமிழ் பேசக் கற்றனர். இலங்கை முஸ்லிம்களின் பெரும்பான்மையோர்க்குத் தமிழ் தாய்மொழி என்று சொல்லும்பொழுது, அச்சொல் இங்கே உவமையன்று, நேர்ப்பொருளே உடையது. தகப்பன் கொண்டுவந்த அரபு முற்றாக அழிந்துவிடவுமில்லை. அது எழுத்தாக நின்று அரபுத்தமிழ் என்னும் அரிய வடிவத்தைத் தந்தது.

ஏறாவூர்ப் பக்கத்தே வழங்கும் வாய்மொழிக் கதையும் இதனையே காட்டுகின்றது. திமிலரோடு நடந்த போரிலே முக்குவர்க்குத் துணைநின்ற பட்டாணியர்க்குப் பெண்கொடுத்து அவர்களை ஊரிலே இருத்தினர் என்பது கதை. கதையிலே வரலாறு எவ்வளவு, புனைவு எவ்வளவு என்பது வேறு விசாரணை. அயலான் ஒருவனை ஊரவனாக்கும் வழி ஊர்ப்பெண்ணின் கையில் இருந்தது என்னும் எண்ணம் அதில் தெளிவாகப் பதிந்துள்ளது; நமக்கு வேண்டுவது அதுவே. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிலே குடியமர்த்தினான் என்பது எழுதப்பட்ட வரலாறு. அவர்களும் இம்மண்ணின் தாய்வழி முறைக்குள்ளே வந்து சேர்ந்தனர்.

இதனைக் கொண்டு பழங்காலத்தைப் பொற்காலமாக்க நாம் முயலவில்லை. குடிமுறை சாதிப் படிநிலையோடு பின்னிக் கிடந்தது. வீடு மகளுக்கு வந்ததே தவிர, அதிகாரம் பெரும்பாலும் தாய்மாமன் கையில் இருந்தது. வண்ணக்கரும் மரைக்காரும் ஆண்களே. ஆயினும், மணத்தால் வந்தவன் அந்நியன் அல்லன் என்பதிலும், தாய் தன் பிள்ளைக்கு ஊரிலே இடம் அளிக்க வல்லவள் என்பதிலும் அம்முறைக்கு ஐயம் இருந்ததில்லை.

ஐயத்தைக் கொணர்ந்தவர் ஆங்கிலேயர். மணமான பெண்ணின் ஆள்தன்மை கணவனுடைய ஆள்தன்மையிலே கரைந்துவிடுகின்றது என்பது அவர்களுடைய பழைய சட்டக் கொள்கை. 1870ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம், மணமான பெண் தன் கணவனின் நாட்டுக்கே உரியவள் என்று வரையறுத்தது. ஆறு ஆண்டுகள் கழித்து இலங்கையிலே வந்த 1876ஆம் ஆண்டு 15ஆம் இலக்க மணவுரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அதே மூச்சை விட்டது. மட்டக்களப்பில் வழங்கிய முக்குவர் சட்டத்தை ஓரங்கட்டியது இக்கட்டளைச் சட்டமே. முஸ்லிம்கள் இதற்கு உட்படாது தங்கள் மதச்சட்டத்தின்கீழ் நின்றனர். இதன் 2ஆம் பிரிவை ஆசிரியர்களும் மாணவரும் ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும். வேறு இனத்தானையோ நாட்டினத்தானையோ மணக்கும் பெண், அம்மணம் நிலைக்கும் காலமெல்லாம், அச்சட்டத்தின் தேவைகளுக்குக் கணவனின் இனத்தவளாகவே கொள்ளப்படுவாள் என்பது அதன் சாரம். பட்டாணியனை ஏறாவூரானாக்கிய பெண்ணை, பட்டாணிச்சியாக்க ஒரு வரி போதுமாயிற்று!

1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் சுதந்திர இலங்கையின் சட்டமாயினும், அதன் முதுகெலும்பு இக்காலனித்துவக் கொள்கையே. சட்டம் தொடங்கிய பின் பிறக்கும் பிள்ளை, பிறக்கும்பொழுது தகப்பன் இலங்கைப் பிரசையாயிருந்தால்தான் வம்சவழிப் பிரசையாகும். அதற்கு முன் பிறந்தோர், தகப்பனோ, அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததைக் காட்டல் வேண்டும். மலையகத் தொழிலாளரை நாடற்றோராக்குவதே இதன் முதல் நோக்கம் என்பது மறைவன்று. 1947 தேர்தலிலே தோட்டத் தொழிலாளர் வாக்கு இடதுசாரிகளுக்கும் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கும் வலுவூட்டியதைக் கண்ட ஆளும் வர்க்கம் அஞ்சியது. பிரசாவுரிமையைப் பறித்து, 1949இல் வாக்கையும் பறித்தது. தொழிலாளரைப் பிடிக்க விரித்த வலையிலே பெண்கள் அனைவரும் அகப்பட்டனர்.

ஒரு விசித்திரம். மணம் புரியாத தாய்க்குப் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் என்ற இடத்திலே தாயை வைத்துப் படிக்கலாம் என்று சட்டம் இடங்கொடுத்தது. ஆகவே அயல்நாட்டவனோடு முறையாகப் பதிவுத்திருமணம் செய்த இலங்கைப் பெண்ணின் பிள்ளை அந்நியப் பிள்ளை. மணமின்றிப் பெற்ற பிள்ளை இலங்கைப் பிள்ளை! குடும்ப ஒழுக்கத்தைக் காப்பதாகப் பெருமை பேசிய சட்டமன்றம் இயற்றிய விதி இது. பிரசை என்னும் வடசொல்லுக்கு மகவு என்ற பொருளும் உண்டு. மகவைத் தாயிடமிருந்து பிரித்த சட்டத்துக்கு அப்பெயர் அமைந்தது சொல்லாராய்ச்சி செய்வோர்க்கு நல்ல வேடிக்கை.

இதன் அடியை நேராக வாங்கியோரில் இலங்கைச் சீனர் குறிப்பிடத்தக்கவர். சீனத்தின் சாண்டோங், ஹூபெய் மாகாணங்களிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலே வந்தோர் பலர், துணிமூட்டையைச் சைக்கிளிற் கட்டி ஊரூராக விற்றனர். பல் கட்டும் தொழில் செய்தனர். நம் நாட்டு நகரங்களிலே சீனப் பல்வைத்தியரின் பெயர்ப்பலகையைக் கண்டு வளர்ந்தவர் பலர் இன்னும் இருக்கின்றனர். இவர்களிற் சிலர் இந்நாட்டுப் பெண்களை மணந்தனர். தாயின் மொழியே வீட்டு மொழியாயிற்று; பிள்ளைகளிற் பலர்க்குச் சீனம் எழுதவோ படிக்கவோ தெரியாது. மொழித் தடையை அவர்கள் ஒரு தலைமுறையிலே தாண்டிவிட்டனர். ஆயினும் தகப்பன் பிரசையல்லாதவன். ஆகவே பிள்ளையும் அல்லன். சீனமும் அறியாது, இலங்கையாலும் ஏற்கப்படாது வாழ்ந்த இச்சிறு சமூகத்துக்கு 2008ஆம் ஆண்டு 38ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே விடிவு கிட்டியது. அறுபது ஆண்டுகள்!

இதே காலத்திலே மறுகரையிலிருந்தும் ஓர் அவலம். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் வணிகர் இலங்கையின் நகரங்களிலே கடை வைத்திருந்தனர். காயல்பட்டினத்திலும் பெண் மணந்த பின் தாய்வீட்டிலேயே வாழ்வது வழக்கம். கணவன் கடல் கடந்து பொருளீட்டி வந்து போவான். 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டமோ, மணமான ஆண் விண்ணப்பித்தால், அவன் மனைவியும் இலங்கையிலே இடையறாது வதிந்தாள் என்று காட்டும்படி கேட்டது. ஓராண்டுக்கு மேல் நாட்டைவிட்டு நீங்கியிருந்தால் வதிவு அறுந்துபோகும். தாய்வீட்டில் வாழும் மனைவியை உடையவன் இச்சட்டத்தின் வாசலை எங்ஙனம் தாண்டுவான்? தோட்டத்திலோ, பிள்ளைப்பேற்றுக்காக ஊர் போய்த் திரும்பப் பிந்திய மனைவியின் பயணமே குடும்பம் முழுவதற்கும் எதிரான சான்றாக முடியலாம். விசாரணையும் கோப்பும் ஆங்கிலத்தில் நடந்தன. விண்ணப்பித்தவரோ தமிழன்றி வேறு அறியார். 1951 ஆகஸ்டு 5ஆம் நாள் காலக்கெடு முடிந்தபொழுது ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்திருந்தன. அவற்றுள் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். பதிவு பெற்றவரோ சுமார் 1,34,000 பேர் மட்டுமே. 1956இலே அரசகருமமொழி ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கு மாறியது. தமிழ்ப் பெண்ணுக்கு ஒரு தெரியாத மொழி போய் இன்னொரு தெரியாத மொழி வந்தது.

இலங்கை மட்டும் செய்த பாவம் இதுவென்று எண்ணிவிடலாகாது. அமெரிக்காவிலே சீனருக்கு நிகழ்ந்ததை நோக்கின், அதிகார வர்க்கம் எங்கும் ஒரே பள்ளியிலே படித்தது போலத் தோன்றும். இருப்புப்பாதை போடச் சீனத் தொழிலாளர் வேண்டியிருந்தனர். அவர்களுடைய மனைவியர் வேண்டியிருக்கவில்லை. மனைவி வந்தால் குடும்பம் வரும், குடும்பம் வந்தால் வேரூன்றிவிடுவர் என்பதே கணக்கு. 1875ஆம் ஆண்டின் பேஜ் சட்டம், ஒழுக்கக்கேட்டைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு, சீனப்பெண் ஒவ்வொருத்தியையும் சந்தேகத்தோடு விசாரிக்க வழிசெய்தது. 1882இலே சீனர் விலக்குச் சட்டம் வந்தது. 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின்கீழ், அமெரிக்கப் பிரசையான சீனனுடைய மனைவிக்கும் உள்ளே வர உரிமையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1925இலே தீர்ப்பளித்தது. அச்சட்டத்துக்கு முன் மணந்த மனைவியர்க்கு மட்டும் 1930இலே கதவு சற்றே திறந்தது.

அமெரிக்கப் பெண்ணின் நிலை என்ன? அந்நியனை மணந்தவள் அவன் நாட்டினளாவாள் என 1907ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது; நம் 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் உடன்பிறப்பு எனலாம். பெண்கள் வாக்குரிமை பெற்ற பின், 1922இலே கேபிள் சட்டம் இதனைத் திருத்தியது. ஆனால் பிரசையாகத் தகுதியற்ற இனத்தானை, அதாவது சீனனையோ ஜப்பானியனையோ, மணந்தவளுக்கு அத்திருத்தம் பயன்படவில்லை. 1923இலே பகத்சிங் திண்ட் வழக்கின் தீர்ப்பு இந்தியரையும் அப்பட்டியலில் சேர்த்தது. இவ்வநீதி 1931 வரை நீடித்தது.

இனி மொழியின் கதைக்கு வருவோம். சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவிலே ஏஞ்சல் தீவு என்றொரு தீவுண்டு. 1910 முதல் 1940 வரை அங்கிருந்த குடிவரவு நிலையத்திலே, கணவனிடம் வந்த சீனப்பெண்கள் நாட்கணக்காகவும் வாரக்கணக்காகவும், சிலர் மாதக்கணக்காகவும் அடைக்கப்பட்டனர். கணவனையும் மனைவியையும் தனித்தனியே இருத்தி விசாரித்தனர். உன் ஊரிலே உன் வீட்டு வரிசையில் எத்தனை வீடுகள்? கிணறு எத்திசையில்? அரிசிப்பெட்டி எங்கே இருந்தது? கலியாணத்துக்கு யார் யார் வந்தனர்? இரு விடைகளும் ஒத்திருத்தல் வேண்டும். கேள்வி ஆங்கிலத்தில் எழுந்து, மொழிபெயர்ப்பாளன் வாயிலே சீனமாகி, விடை மீண்டும் ஆங்கிலமாகிக் கோப்பிலே ஏறும். மொழிபெயர்ப்பாளன் உதவிவிடக் கூடாதென்று ஆளை மாற்றிக்கொண்டே இருந்தனர். அவளுடைய கிராமத்துக் கிளைமொழி அவனுக்கு எவ்வளவு விளங்கியதோ, அவ்வளவே அவள் வாழ்வு! கணவனும் மனைவியும் ஒரே மொழி பேசுவோர். அவர்களிடையே தடை ஏதுமில்லை. அரசாங்கம் ஒரு மேசையைப் போட்டு, அதன் இருபுறமும் அவர்களை இருத்தி, நடுவே வேற்றுமொழியை நிறுத்தியது. அடைபட்டோர் அந்நிலையத்தின் மரச்சுவர்களிலே செதுக்கிய கவிதைகள் இன்றும் இருக்கின்றன.

உலகப்போரிலே சீனம் நேசநாடான பின், 1943இலே விலக்குச் சட்டம் நீங்கியது. ஆண்டுக்கு 105 பேருக்கு இடம் என்று பெருந்தன்மை காட்டினர். பிரசைகளின் சீன மனைவியர் இத்தொகையிற் சேராமல் வரலாம் என்பது 1946 ஆகஸ்டிலே சட்டமாயிற்று. இனத்தை அடிப்படையாகக் கொண்ட பங்கீட்டுமுறை 1965இலே ஒழிந்தது.

நம் நாட்டிலே, தகப்பன் அல்லது தாய் எவர் பிரசையாயினும் பிள்ளை பிரசையே என்ற திருத்தம் 2003ஆம் ஆண்டு 16ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. நம் ஊர்ப் பாட்டிமார் அறிந்திருந்த நீதியைக் கற்கச் சட்டமன்றத்துக்கு 55 ஆண்டுகள் சென்றன.

இன்று இக்கரையோரப் பெண்கள் ஐரோப்பாவிலுள்ள கணவரிடம் போகின்றனர். இங்கே பயணத்தின் திசை மாறியுள்ளது. பெண்ணே பெட்டியுடன் புறப்படுகின்றாள். அவளுக்காக ஒரு புதிய மேசை காத்திருக்கின்றது. 2006இலே நெதர்லாந்தும் 2007இலே ஜெர்மனியும் 2010இலே பிரித்தானியாவும், மனைவி நாட்டுக்குள் வருமுன்பே அந்நாட்டு மொழியில் தேர்வு எழுதல் வேண்டும் என்று விதித்தன. நாவிதன்வெளியிலிருந்து ஒரு பெண் ஜெர்மனிக்குப் போவதாயின், கொழும்பிலே அறை எடுத்துத் தங்கி, மாதக்கணக்காக ஜெர்மன் பயின்று, தேர்விலே தேறிய பின்னரே கணவன் முகத்தைக் காணலாம். வகுப்புக்கும் தங்கலுக்கும் ஆகும் பணம் இல்லாதவள் காத்திருக்க வேண்டியதே. மொழி கற்பது நன்று. மொழியாசிரியராகிய நாம் அதனை மறுக்க மாட்டோம். கணவனோடு வாழ்ந்து, சந்தைக்குப் போய், அயலாரோடு பேசிக் கற்பதே அதற்கு உற்ற வழி என்பதும் மொழியாசிரியர்க்குத் தெரியும். அவ்வழியிலேதான் அரபு வணிகன் தமிழ் கற்றான்.

துருக்கியப் பெண்ணொருத்தியின் வழக்கிலே, இத்தேர்வு ஐரோப்பா துருக்கியோடு செய்த உடன்படிக்கைக்கு முரண் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 ஜூலையிலே தீர்ப்பளித்தது. நம் நாட்டுக்கு அத்தகைய உடன்படிக்கை இல்லை. ஜெர்மனியிலே வாழும் அமெரிக்கப் பிரசையோ ஜப்பானியப் பிரசையோ தன் மனைவியை அழைத்தால், அவள் ஒரு ஜெர்மன் சொல்லும் அறியாதவளாயினும் தேர்வு கேட்பதில்லை.