பொஸ்ஸை வீழ்த்த யாரைக் கூட்டிப்போவது?

இடைவேளையில் தரம் 9, 10 பிள்ளைகள் கூடி நின்று கதைப்பதைக் காது கொடுத்துக் கேட்டால் பாதி நேரம் ஒரே பேச்சுத்தான். இந்த பொஸ்ஸுக்கு எந்த டீம் நல்லம்? போன் கேம்களில் வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரியைத்தான் பொஸ் என்கிறார்கள். ஆசிரியர்களும் பெற்றோருமாகிய நாம் "போய்ப் படிக்கிற வேலையைப் பாருங்க" என்று கலைத்துவிடுகிறோம். ஆனால் அந்தக் கேள்விக்கு ஐம்பது வருட வரலாறு இருக்கிறது. அதுவும் தொடங்கியது, பாடம் படிப்பிக்கவென்றே செய்த ஒரு கணினியில்!

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் கற்பித்தலுக்காக உருவாக்கிய கணினி வலையமைப்பின் பெயர் பிளேட்டோ. 1975 அளவில் தெற்கு இலினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரி விசன்ஹன்ட், ரே வூட் இருவரும் அதில் 'டிஎன்டி' என்றொரு கேமை எழுதினார்கள். நிலவறையின் ஆழத்தில் ஒரு தங்க டிராகன் மந்திர உருண்டையொன்றைக் காவல் காக்கும். வீடியோ கேம் உலகின் முதல் பொஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது அதுதான். படிப்புக்குத் தந்த கருவியில் கேம் விளையாடுவது நம் பிள்ளைகளின் கண்டுபிடிப்பு அல்ல.

அந்த டிராகனோடு தனியாகத்தான் மோத வேண்டும். டீம் என்ற எண்ணம் வந்தது கணினியிலிருந்து அல்ல. தாளும் பென்சிலும் பகடையுமாக மேசையில் விளையாடிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டிலிருந்து. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் அதை வெளியிட்டபோது வீரர்கள் மூன்றே வகை: முன்னால் நின்று சண்டை பிடிப்பவர், மந்திரம் எறிபவர், காயம் ஆற்றுபவர். ஒருவருக்கு முடிந்தது மற்றவருக்கு முடியாது. இன்று போனில் பிள்ளைகள் அடுக்கும் டீம்களெல்லாம் இதன் பேரப்பிள்ளைகள்.

இதைக் கணினிக்குள் ஒழுங்காகக் கொண்டுவந்த கேம்களில் முக்கியமானது 1981இல் வந்த 'விசார்ட்ரி'. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த அன்ட்ரூ கிரீன்பேர்க், ரொபர்ட் வூட்ஹெட் இருவரின் வேலை. ஆறு பேர் கொண்ட டீம். முன்வரிசை மூவர் கைகலப்பார்கள், பின்வரிசை மூவர் மந்திரம் போடுவார்கள். கடைசி பொஸ்ஸின் பெயர் வேர்ட்னா. அன்ட்ரூவின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக எழுதினால் வருவது! ஆனால் விளையாட்டு விளையாட்டாக இருக்கவில்லை. இறந்த வீரரை உயிர்ப்பிக்கும் முயற்சி தவறினால் அவர் சாம்பலாவார். மறுபடியும் தவறினால் இல்லாமலே போய்விடுவார். வாரக்கணக்கில் வளர்த்த ஆள் அத்தோடு சரி. டீம் தெரிவில் பிழைவிட்டதன் விலை அப்படி.

ஜப்பானில் 1987இல் வந்த 'பைனல் பான்டசி' ஆறு வகையினரில் நால்வரைத் தொடக்கத்திலேயே தெரிவுசெய்யச் சொன்னது, பிறகு மாற்றமுடியாது. 1996இல் 'பொக்கெமொன்' நெருப்பு, நீர், பாறை என்று எது எதை வெல்லும் என்ற கணக்கைச் சின்னப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக்கியது.

இதுவரை ஆட்கள் உங்கள் கையில் இருந்தார்கள். யோசித்து அடுக்குவதுதான் வேலை. 2012இல் ஜப்பானில் 'பசில் அன்ட் டிராகன்ஸ்' போனில் வந்து பெரும் வருமானம் ஈட்டியபோது இது மாறிப்போனது. டீமில் அப்போதும் ஆறு பேர்தான். ஆனால் வலுவான ஆட்கள் பலர் 'கச்சா' என்ற குலுக்கலில் விழ வேண்டும். காசு போட்டால் பொம்மை விழும் இயந்திரத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. கேம்களில் இந்தக் குலுக்கல் மிதமிஞ்சிப்போய், அதே வருடம் மே மாதம் ஜப்பானின் நுகர்வோர் விவகார முகவரகம் அதன் ஒரு வகையைச் சட்டவிரோதம் என்று அறிவிக்க வேண்டி வந்தது. சூதாட்டம் ஹராம் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுக்கும் நம் வீடுகளில் இந்தக் குலுக்கல் மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை. "உம்மா, ஒரு ரீலோட் போட்டுத் தாங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது.

2020 செப்டெம்பரில் வந்த சீனத்து 'ஜென்ஷின் இம்பெக்ட்' கேமைப் பாருங்கள். ஐந்து நட்சத்திர ஆள் ஒரு குலுக்கலில் விழும் வாய்ப்பு 0.6 சதவீதம். தொண்ணூறாவது தடவையில்தான் நிச்சயம். ஆனால் அதே கேமில் சீன விளையாட்டாளர்கள் 'தேசிய அணி' என்று பெயர் சூட்டிக் கொண்டாடிய டீம் ஷியாங்லிங், பெனட், ஷிங்ச்சியூ, ச்சொங்யுன் ஆகிய நால்வர். நால்வருமே நான்கு நட்சத்திரம். ஷிங்ச்சியூ எதிரியை நனைக்கிறார். நனைந்தவர் மேல் ஷியாங்லிங்கின் நெருப்பு பட்டால் அடி ஒன்றரை மடங்கு. பெனட் காயமும் ஆற்றி, தாக்கும் வலுவையும் கூட்டிவிடுகிறார். ஷியாங்லிங்கை, குறிப்பிட்ட ஒரு கட்டத்தைத் தாண்டினால், கேமே இலவசமாகத் தந்துவிடுகிறது. 1974ஆம் ஆண்டு மேசையில் செய்த அதே வேலைப்பங்கீடுதான்.

ஆனால் இந்த நால்வரும் எல்லா பொஸ்ஸுக்கும் தோதான டீம் இல்லை. பொஸ் எதில் செய்யப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். மின்சாரக் கனசதுரம் ஒன்று அந்தக் கேமில் இருக்கிறது. குலுக்கிக் குலுக்கி எடுத்த ஐந்து நட்சத்திர மின்சார வீரரை அதன் முன்னால் நிறுத்தினால், அவருடைய மின்சாரத்தில் விழும் அடி பூச்சியம். அதன் கரு வெளியே தெரியும் நேரம் பார்த்து விட்டால், தொடக்கத்திலேயே இலவசமாகக் கிடைக்கும் ஆம்பரின் அம்பு படும்.