கூலிக்காரர் உயிரும் பெருக்கல் கணக்கும்

சாலையோரம் நடந்துபோன ஓர் அம்மாவை, கைபேசியைப் பார்த்தபடி ஓட்டிவந்தவரின் கார் அடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சேரிக்கு முதலில் வந்து சேர்வது சட்டம் அல்ல, சமரசம். காரியச் செலவுக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள், வழக்கு கிழக்கு வேண்டாம் என்று ஊர்ப் பெரியவர்கள் பேச வருவார்கள். நாளைக்கும் அவர்கள் வயலுக்குத்தானே வேலைக்குப் போகவேண்டும்? நம் மக்கள் தலையாட்டிவிடுவதும் உண்டு. அந்தத் தலையாட்டலில் எவ்வளவு கைவிட்டுப் போகிறது என்று தெரிய, இழப்பீட்டுச் சட்டம் வந்த வழியைப் பார்க்க வேண்டும்.

பிறர் தவறால் ஒருவர் இறந்தால் அவரது கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகளுக்காக இழப்பீடு கேட்கலாம் என்று 1855-லேயே பிரிட்டிஷ் ஆட்சி சட்டம் செய்தது. ஆனால் அது சிவில் நீதிமன்ற வழி. கட்டணம் கட்டி, வருடக்கணக்கில் அலைய முடிந்தவர்களுக்கே அது பயன்பட்டது. 1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அதன் கீழ் மூன்றாம் நபர் காப்பீடு 1946-இல் கட்டாயமானது. 1956 திருத்தம் விபத்து வழக்குகளுக்கென்றே தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி திறந்தது. இன்றுவரை நம் ஆட்களுக்குச் சரியாகப் போய்ச் சேராத செய்தி இதில்தான் இருக்கிறது: வண்டிக்குக் காப்பீடு இருந்தால் பணம் தருவது காப்பீட்டு நிறுவனம். கார்க்காரர் வீட்டை விற்கப் போவதில்லை. அப்புறம் ஊர்ப் பகைக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

சரி, எவ்வளவு தருவார்கள்? அங்கேதான் சாதி சத்தமில்லாமல் உள்ளே வருகிறது. இறந்தவர் என்ன சம்பாதித்தார் என்பதே கணக்கின் அடிப்படை. 1994-இல் சேர்த்த இரண்டாம் அட்டவணை, வருமானமே இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டது. வீட்டில் இருக்கும் மனைவி என்றால் கணவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது, கூலிக்காரர் மனைவியின் உழைப்பு அந்தக் கூலியிலும் மூன்றில் ஒன்று. 2010-இல் அருண்குமார் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகோலைக் கண்டித்தது. இல்லத்தரசிகளை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் சேர்த்து 'வேலை செய்யாதோர்' என்று எழுதியதையும் சுட்டிக்காட்டியது.

இப்போதைய கணக்கு 2009 சரளா வர்மா, 2017 பிரணய் சேத்தி தீர்ப்புகளின்படி நடக்கிறது. போட்டுப் பார்ப்போம். 38 வயது, மாதம் 9,000 ரூபாய் கூலி, நம்பியிருப்போர் மூவர். ஆண்டுக்கு 1,08,000. எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்டினால் 1,51,200. சொந்தச் செலவாக மூன்றில் ஒன்றைக் கழித்தால் 1,00,800. அந்த வயதுக்கான பெருக்கெண் 15. ஆக 15,12,000 ரூபாய். அதே வயதில் மாதம் 60,000 வாங்கும் நிரந்தர ஊழியருக்கு, வருமான வரியைக் கழிக்காமல் பார்த்தால், 1 கோடியே 8 லட்சம். அவருக்கு எதிர்கால உயர்வுகூட 50 சதவீதம்! இருவருக்கும் சமமாக இருப்பது ஈமச் செலவு, துணையை இழந்ததற்கான தொகை (2017 தீர்ப்பு வைத்தபோது முறையே 15,000, 40,000) போன்ற சிறு தொகைகள்தான்.

இந்த ஏற்றத்தாழ்வைத் தீர்ப்பாயம் திருத்தப் போவதில்லை. ஆனால் இருப்பதையும் இழக்கும் இடம் வேறு. கூலிக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. ஆதாரம் இல்லை என்று தீர்ப்பாயம் 9,000-ஐ 6,000 ஆக்கினால், மேலே போட்ட கணக்கு 10,08,000 ஆகிவிடும். மாதம் மூவாயிரம் குறைத்ததில் 5,04,000 போயிற்று. 2011 ராமச்சந்திரப்பா வழக்கில் கூலித் தொழிலாளி சொன்ன 4,500 ரூபாயைத் தீர்ப்பாயம் 3,000 ஆக்கியது. அதற்கு அடிப்படை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 4,500-ஐயே ஏற்றது. காய்கறி விற்பவரிடம் வருமானச் சான்று எதிர்பார்க்கக் கூடாது என்று 2014 சையத் சாதிக் வழக்கில் சொன்னது. இவ்விரண்டும் நம் வழக்கறிஞர்கள் கைவசம் இருக்க வேண்டியவை. நலவாரிய அட்டை, மகளிர் குழு கடன் புத்தகம், நூறு நாள் வேலைப் பதிவு, கூட வேலை பார்த்தவர்களின் சாட்சியம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கைபேசி விஷயத்துக்கு வருவோம். 2019 திருத்தம் ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலாக எழுதிவைத்தது. அதே திருத்தம், யார் தவறு என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம் கேட்கும் வழியையும் தந்தது. சீக்கிரம் முடியும் என்று அந்த 5 லட்சத்தைக் காட்டுவார்கள். தவறை நிறுவினால் நம் கணக்கில் அது 15 லட்சம். குற்ற வழக்கைப்போல ஐயமற நிரூபிக்க வேண்டியதும் இல்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்பது 2009 பிமலா தேவி தீர்ப்பு. எனவே ஓட்டுநரின் அழைப்புப் பதிவையும் அக்கம்பக்கத்துக் கடைகளின் கேமராப் பதிவையும் கைப்பற்றும்படி விசாரணை அதிகாரியிடம் உடனே எழுத்தில் கேளுங்கள். இறந்தவரே குறுக்கே வந்தார் என்று முதல் தகவல் அறிக்கையில் ஏறிவிட்டதா என்றும் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று. நம் பெண்கள் நடவுக்குப் போவது பெரும்பாலும் லோடு ஆட்டோவில். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகும் பயணிக்கு அந்த வண்டியின் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பேருந்து வராத ஊர்க்காரர்கள் வேறு எதில் போவார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் மோதியது கைபேசிக்காரரின் கார் என்றால், அந்தக் காருக்கு இவர்கள் மூன்றாம் நபர்கள். இரண்டு ஓட்டுநர்கள் மீதும் தவறு இருந்தாலும் முழுத் தொகையையும் கார் தரப்பிடமே கேட்கலாம் என்கிறது 2015 கென்யேய் தீர்ப்பு.

மனுப் போடக் காலவரம்பே வேண்டாம் என்று 1994-இல் எடுத்துவிட்டிருந்தார்கள். 2019 திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்து, 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது: விபத்து நடந்து ஆறு மாதம். சமரசம் பேச வருபவர்கள் அறுவடை முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று நாள் கடத்துவதும் இந்த ஆறு மாதத்துக்குள்தான்.