வத்திராயிருப்புப் பக்கம் நடந்த ஓர் எழுப்புதல்

மேற்காசியாவில் எங்காவது ஒரு குண்டு விழுந்தால் போதும். மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் வாட்ஸ்அப்பில் நாலைந்து செய்திகள் வந்து நிற்கும். கிறிஸ்தவ நண்பர்கள் மத்தேயு 24ஆம் அதிகாரத்தையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் காட்டி, கடைசிக் காலம் வந்துவிட்டது என்பார்கள். மற்றவர்கள் கலி முற்றிவிட்டது என்பார்கள். சிலர் வருஷத்தையும் குறித்தே அனுப்பிவிடுகிறார்கள். அனுப்புகிறவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை, என்னைப் போல் பென்ஷன் வாங்குகிறவர்கள்தான்.

யாரையும் கேலி செய்ய இதை எழுதவில்லை. இதே எதிர்பார்ப்பு 160 வருஷங்களுக்கு முன்பு நம் பக்கத்திலேயே ஒரு பெரிய காரியமாக எழுந்தது. பிறகு மலைக்கு அந்தப் புறம் போய் வேறு விதமாக முடிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

முதல் கதை நடந்த ஊர் கிறிஸ்தியான்பேட்டை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை ரோட்டில் போய், கிருஷ்ணன்கோவிலில் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. சதுரகிரிக்கு அமாவாசை, பௌர்ணமிக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமான பாதை. அந்த வட்டாரத்தில்தான் இந்த ஊர் இருக்கிறது. ஆனால் சரித்திரப் புத்தகங்களில் இங்கே நடந்ததற்குப் பெயர் ‘திருநெல்வேலி எழுப்புதல்’. காரணம் எளிது. 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உண்டாகும்வரை ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. 1985இல் மறுபடி பிரித்து காமராஜர் மாவட்டம் ஆக்கினார்கள், இன்று அது விருதுநகர் மாவட்டம். ஜில்லா மாறியது, புத்தகத்தில் பெயர் மாறவில்லை. அதனால் இது நம் ஊர் விஷயம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாமலே போயிற்று.

அந்த ஊரை உண்டாக்கியவர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1810இல் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். ரேனியஸ் ஜெர்மானியர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து ஊர் ஊராகச் சபைகளை உண்டாக்கியவர். 1835இல் சர்ச் மிஷன் சங்கம், அதாவது சி.எம்.எஸ்., அவரை நீக்கிவிட்டது. 1838இல் காலமானார்.

அருளப்பன் வாழ்க்கையைத் திருப்பியவர் இன்னொருவர், அந்தோணி நாரிஸ் க்ரோவ்ஸ். இங்கிலாந்தில் எக்ஸிடர் நகரத்தில் நல்ல வருமானம் உள்ள பல் டாக்டராக இருந்தவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பாக்தாத் போனார். 1831இல் அங்கே கொள்ளைநோயும் வெள்ளமும் ஒன்றாக வந்தன. மனைவியை அங்கேயே பறிகொடுத்தார். 1833இல் இந்தியா வந்தார். கிறிஸ்துவின் வருகை சமீபம் என்பது அவர் சேர்ந்திருந்த ‘சகோதரர்’ கூட்டத்தாரின் உறுதியான நம்பிக்கை. உலகத்தில் நடப்பதை எல்லாம் அந்தக் கண்ணோடுதான் பார்த்தார்கள். ஆனால் க்ரோவ்ஸ் அதிலிருந்து எடுத்த முடிவைக் கவனியுங்கள். நேரம் குறைவு என்றால் சொத்து சேர்க்காதே, பதவி தேடாதே, இருப்பதைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்பதுதான் அவர் எடுத்த முடிவு.

அருளப்பன் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அந்தக் காலத்து மிஷன் அமைப்பு ஒரு சர்க்கார் ஆபீஸ் மாதிரி. மேலே வெள்ளைக்கார மிஷனரி, கீழே உபதேசியார், அவருக்குக் கீழே வாத்தியார், எல்லாருக்கும் மாதச் சம்பளம். ஆபீஸில் காலம் தள்ளிய எனக்கு அந்த ஏணியின் சுகமும் தெரியும், அது முதுகை எப்படி வளைக்கும் என்பதும் தெரியும். அருளப்பன் அந்த ஏணியில் ஏறவில்லை. சம்பளம் இல்லாமல், வருவதைக் கொண்டு ஊழியம் செய்தார். 1840இல் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கினார். பட்டம் பெற்ற குருவானவர் இல்லாமலே அவரும் அவர் கூட்டாளிகளும் நாட்டுக் கிறிஸ்தவர்களோடு திருவிருந்தில் பங்கெடுத்தது அந்த நாளில் பெரிய பேச்சாயிற்று. இன்று நமக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். ஒரு தமிழன் யாருடைய உத்தரவும் கேட்காமல் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தான் என்பது அன்று சாதாரணம் இல்லை.

இதற்குள் உலகம் கலங்கிக்கொண்டிருந்தது. 1857இல் வடக்கே சிப்பாய்க் கலகம். 1858இல் கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி. 1859இல் திருவிதாங்கூரில் தோள்சீலைக் கலவரம். 1857–58இல் அமெரிக்காவிலும், 1859இல் அயர்லாந்தின் அல்ஸ்டரிலும் ஆயிரக்கணக்கானோர் கூடி ஜெபித்த எழுப்புதல்கள் நடந்தன. நம் சீமையில் நிலவரம் வேறு. சிவகாசியைத் தலைமையிடமாகக் கொண்டு, 1854 முதல் கூடாரம் கூடாரமாக ஊழியம் செய்தவர் ராக்லண்ட். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதவியை விட்டு வந்தவர். 1858 அக்டோபர் 22இல் சிவகாசியிலேயே இறந்துபோனார். இவ்வளவு பாடுபட்டும் கரிசல் காடு எளிதில் அசையவில்லை.

1860இல் கிறிஸ்தியான்பேட்டையில் அசைந்தது. அருளப்பன் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தவற்றை இங்கிலாந்தில் ஜி. எச். லாங் 1939இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். ஜனங்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார்கள், தரையில் விழுந்தார்கள், மறைத்து வைத்திருந்த பாவங்களை வாய்விட்டுச் சொன்னார்கள். சிலர் புரியாத பாஷைகளில் பேசினார்கள், சிலர் அதற்குப் பொருள் சொன்னார்கள். பெண்களும் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பிறகு ஆணும் பெண்ணுமாகச் சம்பளம் இல்லாமல் சுற்றுப்பட்டு ஊர்களுக்குக் கிளம்பினார்கள். சி.எம்.எஸ். மிஷனரிகள் முதலில் தயங்கினார்கள். பிறகு அவர்களில் சிலரே இதில் நன்மை இருப்பதை ஒப்புக்கொண்டு மிஷன் பத்திரிகைக்கு எழுதினார்கள்.

பெந்தெகொஸ்தே இயக்கம் 1906இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், அசூசா தெருவில் ஆரம்பித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். பண்டித ரமாபாயின் முக்தி ஆசிரமத்தில் எழுப்புதல் நடந்தது 1905இல். இரண்டுக்கும் 45 வருஷத்துக்கு முன்பே நம் வத்திராயிருப்புப் பக்கம் அந்நிய பாஷை கேட்டிருக்கிறது. இதை எடுத்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களே.

அருளப்பன் 1867இல் காலமானார். எழுப்புதல் மலை தாண்டித் திருவிதாங்கூருக்குப் போயிற்று. இனி இரண்டாவது கதை.

ராமய்யன் என்ற தமிழ்ப் பிராமணர் 1861இல் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்று, யுஸ்துஸ் ஜோசப் ஆனார். சி.எம்.எஸ். அவரைக் குருவாக அபிஷேகம் செய்தது. சங்கீத ஞானம் உள்ளவர், ‘வித்வான் குட்டி’ என்றே பெயர். அவர் கட்டிய மலையாளக் கீர்த்தனைகளைக் கேரளச் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள். 1873 வாக்கில் அங்கே எழுந்த எழுப்புதலுக்கு அவர் தலைவரானார். கண்ணீர், பாவ அறிக்கை, தரிசனம் எல்லாம் கிறிஸ்தியான்பேட்டையைப் போலவே. ஆனால் 1875இல் ஒன்று கூடுதலாகச் சேர்ந்தது: கெடு. இன்னும் ஆறு வருஷத்தில், 1881இல், கிறிஸ்து வந்துவிடுவார் என்று அறிவித்தார்கள். ‘ஆறு வருஷக் கூட்டம்’ என்றே அவர்களுக்குப் பெயர் விழுந்தது.

அந்த ஆறு வருஷத்துக்குள் தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் வந்து லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். உலகம் முடிகிறது என்று நம்புவதற்கு அதைவிடச் சாட்சி யாருக்கு வேண்டும்? இருந்தும் 1881 வந்தது, போனது, மறுநாள் வழக்கம்போல் விடிந்தது. கூட்டம் கலைந்தது. பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். மிச்சம் இருந்தவர்கள் ‘யுயோமயம்’ என்ற பெயரில் கருநாகப்பள்ளிப் பக்கம் ஒரு சிறு சபையாக ஒதுங்கினார்கள். யுஸ்துஸ் ஜோசப் 1887இல் இறந்தார்.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேல் புத்தகத்தை வைத்துக் கணக்குப் போட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் கடைசியாக 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். விளைந்ததை அறுக்காமல் காத்திருந்தவர்களும் உண்டு. அந்த நாளுக்குச் சரித்திரத்தில் ‘பெரும் ஏமாற்றம்’ என்றே பெயர். இத்தனைக்கும் அந்த நாளும் நேரமும் பிதாவுக்கு மட்டுமே தெரியும் என்பது, எல்லாரும் மேற்கோள் காட்டும் அதே மத்தேயு 24இல் இருக்கிறது.

நான் பள்ளியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எழுப்புதலுக்கு பிரெஞ்சில் ‘ரெவெய்’ என்பார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெனீவாவில் நடந்த எழுப்புதலுக்கும் அதுதான் பெயர். தலைமாட்டில் வைக்கும் அலாரம் கடிகாரத்துக்கும் அதே சொல்தான். கிறிஸ்தியான்பேட்டைக்காரர்களும் ஆறு வருஷக் கூட்டத்தாரும் கேட்டது ஒரே மணிச் சத்தம். ஒரு கூட்டம் எழுந்து வேலைக்குப் போயிற்று. இன்னொரு கூட்டம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

முதல் கூட்டத்தின் வேலை வீண்போகவில்லை. கேரளத்துச் சகோதரர் சபைகளின் வரலாற்றில் அருளப்பன் பெயருக்கு இடம் உண்டு. நம் பணத்தில், நம் ஆட்களைக் கொண்டு ஊழியம் என்ற அவருடைய எண்ணம் பிறகு வேறு இடங்களிலும் முளைத்தது. 1903இல் பாளையங்கோட்டையில் வேதநாயகம் அசரியா முதலானோர் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் அதற்கு ஓர் உதாரணம். அதே அசரியாதான் 1912இல் ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பிஷப் ஆனார்.

வருகை சமீபம் என்று நம்புகிற நண்பர்களோடு எனக்கு வழக்கு இல்லை. எழுபதைத் தாண்டிய நமக்கு ஏதோ ஒரு வகையில் அது சமீபம்தான். அப்படி நம்பினால் அருளப்பனைப் போல் நம்புங்கள் என்பதே என் வேண்டுகோள். பழைய பகை ஒன்றைத் தீர்த்துக்கொள்ளலாம், மனதில் கிடக்கும் ஒரு குற்றத்தை உரியவரிடம் சொல்லிவிடலாம், கையில் இருப்பதில் கொஞ்சம் கொடுக்கலாம். வருஷக் கணக்கு வந்தால் மட்டும் அடுத்தவருக்குத் தட்டிவிடாதீர்கள்.

கிறிஸ்தியான்பேட்டையில் மூத்தவர்கள் சொல்லி வந்த குடும்பக் கதைகள் யாரிடமாவது இருந்தால் எழுதி வையுங்கள். அருளப்பன் எழுதி வைத்ததால்தான் இவ்வளவாவது நமக்குக் கிடைத்தது.