மீட்பு வட்டு: மடிக்கணினி இயங்குதள மீட்பின் வரலாறு

மீட்பு வட்டு என்பது, ஒரு கணினி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது அதில் இருந்த இயங்குதளம், இயக்கிகள், துணை மென்பொருள்கள் ஆகியவற்றை மீண்டும் அதே நிலையில் நிறுவுவதற்கு உற்பத்தியாளர் வழங்கும் குறுந்தகடு அல்லது டிவிடி ஆகும். கடைகளில் தனியே விற்கப்படும் நிறுவல் வட்டு எந்தக் கணினிக்கும் பொதுவானது. மீட்பு வட்டோ ஒரு குறிப்பிட்ட மாதிரிக்கு மட்டுமே உரியது. இதன் வரலாற்றைப் பார்த்தால், ஒரு கணினியை விலை கொடுத்து வாங்கியவருக்கு அதன் இயங்குதளத்தின் மீது எவ்வளவு பிடி இருந்தது, அது எப்படிப் படிப்படியாக மாறியது என்பது விளங்கும்.

நெகிழ்வட்டுக் காலம்

1981 ஆகஸ்டு மாதம் ஐபிஎம் நிறுவனம் தனது முதல் தனிமேசைக் கணினியை வெளியிட்டபோது, அதன் டாஸ் இயங்குதளம் 160 கிலோபைட்டு கொள்ளளவுள்ள ஒரு நெகிழ்வட்டில் அடங்கிவிட்டது. பெரும்பாலான கணினிகளில் வன்தட்டு இல்லை. வட்டைச் செருகினால் கணினி இயங்கும். அந்த வட்டைப் படியெடுத்து வைத்துக்கொள்வதே மீட்பு ஏற்பாடாக இருந்தது.

மடிக்கணினிகளில் சில நிறுவனங்கள் வேறு வழியைக் கையாண்டன. தோசிபா நிறுவனம் 1987-இல் வெளியிட்ட டி1000 மாதிரியில் எம்எஸ்-டாஸ் 2.11 பதிப்பு, படிக்க மட்டும் கூடிய நினைவகச் சில்லிலேயே பதிக்கப்பட்டிருந்தது. பயனர் தவறுதலாக அதை அழிக்கவே முடியாது. எனவே மீட்பு என்ற தேவையும் எழவில்லை.

இயங்குதளங்கள் பெருத்தபோது இந்த எளிமை மறைந்தது. 1995-இல் வந்த விண்டோசு 95-இன் நெகிழ்வட்டுப் பதிப்பு 13 வட்டுகளைக் கொண்டிருந்தது. அவற்றுள் ஒன்று பழுதானாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடும்.

குறுந்தகடும் வன்தட்டுப் பிம்பமும்

சுமார் 650 மெகாபைட்டு கொள்ளும் குறுந்தகடு பரவியதும் நிலைமை மாறியது. அதே காலத்தில் வன்தட்டின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரே கோப்பாகப் படியெடுக்கும் நுட்பமும் வளர்ந்தது. நியூசிலாந்தின் பைனரி ரிசர்ச் நிறுவனத்தில் மர்ரே அசார்டு உருவாக்கிய கோஸ்ட் என்ற மென்பொருள் இவ்வகையில் புகழ்பெற்றது. 1998-இல் சைமன்டெக் நிறுவனம் அதை வாங்கியது.

இம்முறையில் உற்பத்தியாளர் ஒரு மாதிரிக் கணினியை முழுமையாக அமைத்து, அதன் வன்தட்டைப் பிம்பமாக எடுத்துக்கொள்வார். அப்பிம்பம் வட்டுகளில் சேர்க்கப்படும். பயனர் அவ்வட்டைப் போட்டுக் கணினியைத் தொடங்கினால், ஒவ்வொரு கோப்பாக நிறுவுவதற்குப் பதிலாகப் பிம்பம் அப்படியே வன்தட்டின் மீது எழுதப்படும். ஒலி, வலையமைப்பு, திரை ஆகியவற்றுக்கான இயக்கிகளும் கூடவே வந்துவிடுவதால் அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. இதன் மறுபக்கம், வன்தட்டில் இருந்த பயனரின் கோப்புகள் பெரும்பாலும் அழிந்துபோகும் என்பதாகும்.

உரிமமும் பூட்டும்

2000-ஆம் ஆண்டையொட்டி மைக்ரோசாப்டு நிறுவனம், கணினியுடன் முழுமையான விண்டோசு நிறுவல் வட்டு தரப்படுவதைக் கட்டுப்படுத்தியது. ஒரே வட்டு பல கணினிகளில் நிறுவப்படுவதைத் தடுப்பதே நோக்கம். அதற்குப் பதிலாக, அந்தந்த நிறுவனத்தின் கணினியில் மட்டும் வேலை செய்யும் மீட்பு வட்டுகள் வழங்கப்பட்டன.

2001-இல் வந்த விண்டோசு எக்ஸ்பி இதற்கு மேலும் உறுதியான ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. கணினியின் தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் நிரலில் உற்பத்தியாளரின் அடையாளம் பொறிக்கப்பட்டிருக்கும். இயங்குதளம் அதைச் சரிபார்த்து, பொருந்தினால் தனியாக அனுமதி கேட்காமல் இயங்கும். மீட்பு வட்டிலிருந்து நிறுவும்போது உரிம எண் கேட்கப்படாததற்கு இதுவே காரணம். மடிக்கணினியின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும் உரிம எண் வேறு; வட்டில் உள்ள பொது எண் வேறு. வேறு வட்டைக் கொண்டு நிறுவி, ஒட்டப்பட்ட எண்ணைக் கொடுத்தால் இணையம் அல்லது தொலைபேசி வழியாக அனுமதி பெற வேண்டியிருந்தது.

மறைவிடத்துக்குச் சென்ற மீட்பு

அடுத்த கட்டமாக வட்டுகளே நிறுத்தப்பட்டன. மீட்புக்கான பிம்பம் வன்தட்டின் மறைவான பகுதியில் வைக்கப்பட்டது. இதனால் உற்பத்தியாளருக்கு வட்டுச் செலவு மிச்சமானது. பயனருக்கும் வட்டைத் தொலைக்கும் கவலை இல்லை. ஐபிஎம் நிறுவனத்தின் திங்க்பேட் வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2003-இல் வந்த டி40 மாதிரியில், இயங்குதளத்தின் கண்ணுக்கே தெரியாதபடி பாதுகாக்கப்பட்ட வன்தட்டுப் பகுதியில் மீட்புக் கோப்புகள் இருந்தன. விசைப்பலகைக்கு மேலிருந்த நீலப் பொத்தானை அழுத்தி அங்கே செல்லலாம். 2005-இல் ஐபிஎம்மின் தனிக்கணினிப் பிரிவை லெனோவோ வாங்கிய பின்னரும் இவ்வசதி மாற்றங்களுடன் தொடர்ந்தது. எச்பி கணினிகளில் எப்11 விசையும், ஏசர் கணினிகளில் ஆல்ட் விசையுடன் எப்10 விசையும் இதே வேலையைச் செய்தன.

இந்த ஏற்பாட்டில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. மடிக்கணினியில் விரைவில் பழுதாகும் உறுப்புகளுள் வன்தட்டும் ஒன்று. நோய் வரும் இடத்திலேயே மருந்தையும் வைத்ததைப் போல, வன்தட்டு பழுதானால் மீட்பும் அதனுடன் போய்விடும். லினக்சு போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவினால் வன்தட்டின் தொடக்கப் பதிவு மாறி, மீட்பு விசை செயலிழப்பதும் உண்டு. இதனால், வாங்கியவுடன் மீட்பு வட்டுகளைத் தாமே எழுதி வைத்துக்கொள்ளுமாறு பயனர்களிடம் நிறுவனங்கள் கூறின. சில நிறுவனங்கள் ஒருமுறை மட்டுமே எழுத அனுமதித்தன. பலர் எழுதி வைக்கவே இல்லை.

பழைய மடிக்கணினியை மீட்கும் முறை

இன்று ஒரு பழைய மடிக்கணினியை அதன் மூல நிலைக்குக் கொண்டுவர விரும்புவோர் வரிசையாகச் சில வேலைகளைச் செய்ய வேண்டும்.

1. வன்தட்டில் உள்ள கோப்புகளை முதலில் வேறிடத்தில் படியெடுக்க வேண்டும். மீட்பு தொடங்கிய பின் இதற்கு வாய்ப்பில்லை.

2. மீட்பு வட்டுகளையும் படியெடுத்துக்கொள்வது நல்லது. தொழிற்சாலையில் அச்சிட்ட வட்டுகளை விட வீட்டில் எழுதிய வட்டுகள் குறைந்த காலமே தாங்கும். அவற்றிலுள்ள கரிமச் சாயம் வெப்பத்தாலும் ஒளியாலும் சிதைகிறது.

3. கணினியின் கடிகார மின்கலம் தீர்ந்திருந்தால் மாற்றி, பயாஸில் நாளையும் நேரத்தையும் சரிசெய்ய வேண்டும்.

4. பயாஸில் குறுந்தகட்டு இயக்ககத்தை முதலில் தொடங்குமாறு அமைத்து, வட்டுகளை எண் வரிசைப்படி போட வேண்டும். இடையில் மின்சாரம் நிற்காதபடி மின்னேற்றியை இணைத்தே வைக்க வேண்டும்.

மீட்பு வட்டு கிடைக்காமல் சாதாரண எக்ஸ்பி வட்டைப் பயன்படுத்தினால் ஒரு தடை குறுக்கிடலாம். எக்ஸ்பியில் சாட்டா வன்தட்டுகளின் ஏஎச்சிஐ முறைக்கான இயக்கி இல்லை. எனவே நீலத் திரை தோன்றி நிறுவல் நின்றுவிடும். பயாஸில் அதைப் பழைய ஒத்திசைவு முறைக்கு மாற்றினால் நிறுவல் தொடரும். புதிய பெரிய வன்தட்டைப் பொருத்துவோர், எக்ஸ்பியின் முதல் பதிப்பு 137 கிகாபைட்டுக்கு மேல் அறியாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மீட்கப்பட்ட இயங்குதளம் அதன் காலத்துக் குறைகளையும் சேர்த்தே கொண்டுவரும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோசு 7-க்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றும் முடிந்தன. ஆகவே இத்தகைய கணினிகளை இணையத்தில் இணைக்காமல் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

தமிழும் மீட்பும்

தமிழ்ப் பயனர்களுக்கு இதில் தனிக் கவனம் தேவை. விண்டோசு இயங்குதளத்தில் ஒருங்குறித் தமிழ், லதா எழுத்துருவுடன் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. ஆயினும் எக்ஸ்பியின் ஆங்கிலப் பதிப்பில் சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளைப் பயனரே தனியாகச் சேர்க்க வேண்டும். மூல நிலைக்கு மீட்ட கணினியில் அது சேர்க்கப்படாமல் இருந்தால், தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவோ கொம்பும் காலும் இடம்மாறியோ தெரியும்.

ஒருங்குறிக்கு முன் திஸ்கி, டாப், டாம் போன்ற குறியாக்கங்களில் தட்டச்சான ஆவணங்கள் இன்னும் பல பழைய கணினிகளில் உள்ளன. உரிய எழுத்துரு இல்லாவிட்டால் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அந்த எழுத்துருக்களைப் பயனர்தான் பின்னர் சேர்த்திருப்பார். தொழிற்சாலைப் பிம்பத்தில் அவை இருக்கமாட்டா. மீட்பின்போது எழுத்துருக் கோப்புறையைப் படியெடுக்கத் தவறினால், ஆவணம் கையில் இருந்தும் படிக்க முடியாமல் போகலாம்.

தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றது. இவ்வாறு இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் சாதாரண விண்டோசு வட்டை மட்டும் கொண்டு மீண்டும் நிறுவினால், தொடக்கப் பட்டியல் அழிந்து லினக்சு கண்ணில் படாமல் போகும்.

இன்றைய நிலை

ஆப்பிள் நிறுவனம் 2011-இல் இணையம் வழி மீட்பை அறிமுகப்படுத்தியது. 2012-இல் வந்த விண்டோசு 8 உரிம எண்ணைத் தாய்ப்பலகையிலேயே பதித்ததுடன், கணினியை மீளமைக்கும் வசதியையும் தன்னுள் கொண்டிருந்தது. குறுந்தகட்டு இயக்ககமே பெரும்பாலான மடிக்கணினிகளிலிருந்து மறைந்துவிட்டது. மீட்பு எளிதாகியிருக்கிறது. ஆனால் இணையம் வழி மீட்பு நிறுவனத்தின் வழங்கிகள் இயங்கும் வரைதான் நடக்கும்.

பழைய மீட்பு வட்டுகளின் பிம்பங்கள் பல இன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் பாதுகாக்கப்படுகின்றன. வட்டுடன் வந்த கணினியை இருபது ஆண்டுகள் கழித்தும், உற்பத்தியாளரின் உதவியின்றி, அதன் முதல் நாள் நிலைக்குக் கொண்டுவர முடிகிறது. அக்காலத்து மென்பொருள்களையும் ஆவணங்களையும் அவை உருவான சூழலிலேயே திறந்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் இந்த வட்டுகள் முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன.