மிடி கோப்புகளை ரியல்மீடியாவாக மாற்றுதல்

மிடி கோப்புகளை ரியல்மீடியாவாக மாற்றுதல் என்பது, சுரக் குறிப்புகளை மட்டும் கொண்ட பழைய கணினி இசைக் கோப்பு ஒன்றை, இணையத்தில் தரவிறங்கும்போதே இயங்கும் ஒலி அல்லது நிகழ்படக் கோப்பாக மாற்றும் முறை ஆகும். 1990களின் பிற்பகுதியிலும் 2000களிலும் இது பரவலாக இருந்தது. பழைய சேகரிப்புகளைப் பேணுவோருக்கு இன்றும் இது தேவைப்படுவதுண்டு.

மிடி கோப்பின் இயல்பு

மிடி 1983-இல் வெளியான ஒரு சீர்தரம். மிடி கோப்பில் ஒலி இல்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தத்துடன், எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்னும் கட்டளைகளே உள்ளன. மிடியில் 16 அலைவரிசைகளும் (சேனல்கள்) 128 சுர எண்களும் உண்டு. ஆகையால் நான்கு நிமிடப் பாடல் ஒன்று 40 கிலோபைட்டு அளவில் அடங்கிவிடும். கட்டளைகளை ஒலியாக்குவது கேட்பவரின் கணினியில் உள்ள ஒலி அட்டையோ மென்பொருளோ ஆகும். ஒரே கோப்பு ஒரு கணினியில் இனிமையாகவும் மற்றொன்றில் பொம்மைக் கருவி போலவும் ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

1991-இல் வந்த பொது மிடி சீர்தரம் 128 கருவிகளுக்கு எண்களை நிலைப்படுத்தியது. அதில் சித்தாருக்கு 105-ஆம் இடமும் செனாய்க்கு 112-ஆம் இடமும் கிடைத்தன. வீணை, நாதசுவரம், மிருதங்கம், தவில் ஆகியவற்றுக்கு இடமில்லை.

நாதசுவரமும் மிடியும்

இக்குறையின் ஆழத்தை நாதசுவர இசையில் காணலாம். நாமக்கல் மாவட்டம் நாமகிரிப்பேட்டையின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய நாதசுவரக் கலைஞர் நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் (1924–2001) வாசித்த மங்கல இசை, ஒலிநாடாக்கள் வழியாகத் திருமண வீடுகளை எட்டியது. அத்தகைய வாசிப்பு ஒன்றை மிடியில் எழுத முற்பட்டால், சுரங்களைக் குறிப்பது எளிது. சுரங்களுக்கு இடையே உள்ளதைக் குறிப்பதே கடினம். கமகத்தில் சுரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைந்தும் வழுக்கியும் செல்கிறது. மிடியில் இதற்குச் சுருதி வளைவு என்னும் கட்டளை உண்டு. அது 16,384 படிகள் கொண்டது என்றாலும், இயல்பு நிலையில் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரத் தொலைவையே கடக்கும். அதற்கு மேல் வேண்டுமெனில் எல்லையை விரிக்கும் தனிக் கட்டளையைக் கோப்பின் தொடக்கத்தில் எழுத வேண்டும். அக்கட்டளையைப் பொருட்படுத்தாத கருவியில் கமகங்கள் யாவும் அளவு குறைந்து, இராகமே மாறியது போல் தோன்றும்.

சரியாக ஒலிக்கும் ஒரு கணினியில் ஒருமுறை ஒலியாக்கிப் பதிந்துவிட்டால், பிறகு அனைவரும் அதையே கேட்பர். மாற்றத்தின் முதன்மையான பயன் இதுவே. கோப்பின் அளவைக் குறைப்பது அதன் நோக்கமன்று.

ரியல்மீடியா

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இயங்கிய புரோகிரசிவ் நெட்வொர்க்ஸ் நிறுவனம் 1995-இல் ரியல்ஆடியோவை வெளியிட்டது. இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். ரியல்வீடியோ 1997-இல் வந்தது. நிறுவனமும் அவ்வாண்டில் ரியல்நெட்வொர்க்ஸ் எனப் பெயர் மாறியது.

தொடக்ககால ரியல்ஆடியோ பேச்சுக்காக வடிவமைக்கப்பட்டது. நொடிக்கு 8,000 மாதிரிகள் மட்டுமே எடுத்ததால், 4 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலி அனைத்தும் அறுபட்டது. பேச்சுக்கு இது போதும். மேற்சுரங்கள் செறிந்த நாதசுவரத்திற்குப் போதாது. 1998-ஐ ஒட்டி வந்த குக் என்னும் குறிமுறை (அதை எழுதிய கென் குக்கின் பெயரால் அமைந்தது) இசைக்கு ஓரளவு ஏற்றதாக இருந்தது.

மாற்றும் முறை

முதற்படி, மிடியை வேவ் ஒலிக்கோப்பாக ஆக்குவது. டிமிடிட்டி, ஃபுளூயிட்சிந்த் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் இதைச் செய்கின்றன. இவற்றுக்குக் கருவிகளின் ஒலி மாதிரிகள் அடங்கிய சவுண்டுஃபாண்ட் கோப்பு தேவை. முடிவின் தரம் பெரும்பாலும் இதனையே பொறுத்தது. செனாய் மாதிரிக்குப் பதிலாக நாதசுவர மாதிரியைப் பொருத்தவும் வழியுண்டு. பல தடங்கள் ஒருங்கே முழங்கும் இடத்தில் அலையின் உச்சி வெட்டுப்படாதவாறு ஒலி அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளல் வேண்டும்.

நான்கு நிமிடப் பாடல் குறுந்தட்டுத் தரத்தில் ஏறக்குறைய 42 மெகாபைட்டு ஆகும். அடுத்து இதைச் சுருக்க வேண்டும். ரியல்நெட்வொர்க்ஸின் ரியல்புரொடியூசர் மென்பொருளில் 28.8 கிலோபிட்டு மோடத்திற்கு நொடிக்கு 20 கிலோபிட்டு, 56 கிலோபிட்டு மோடத்திற்கு 34 கிலோபிட்டு என இலக்குகள் இருந்தன. இரண்டாவது இலக்கில் அப்பாடல் ஒரு மெகாபைட்டு அளவாகும். அதாவது மூல மிடியைப் போல் 25 மடங்கு! பேச்சு, இசை என்னும் தெரிவுகளுள் இசையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் நாதசுவரம் தொலைபேசியில் கேட்பது போலாகிவிடும்.

நிகழ்படமாக வேண்டுமெனில் ஓர் அசையாப் படத்தை இணைப்பது வழக்கம். படம் மாறாததால் அதற்கு மிகக் குறைந்த பிட்டுகளே செலவாகும். எஞ்சியவற்றை ஒலிக்கு ஒதுக்கலாம்.

இன்று எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருள் கொண்டும் ரியல்மீடியா கோப்பை எழுத இயலும். ஆனால் அது மிடியைத் தானே ஒலியாக்குவதில்லை என்பதால் முதற்படியைத் தவிர்க்க முடியாது. ரியல்வீடியோவின் முதலிரு பதிப்புகளையே அது எழுதும். முதற்பதிப்பில் படத்தின் அகலமும் உயரமும் 16-ஆல் வகுபட வேண்டும். குக் ஒலியை அதனால் படிக்க இயலும், எழுத இயலாது. விண்டோஸ் மீடியா, ஃபிளாஷ் நிகழ்பட வடிவங்களையும் அது எழுதுகிறது.

தமிழ் எழுத்துச் சிக்கல்

மிடி கோப்பினுள் தலைப்பு, பாடல் வரி ஆகியவற்றை எழுத இடமுண்டு. சீர்தரம் ஆஸ்கி எழுத்துகளையே எதிர்பார்த்ததால், தமிழர்கள் திஸ்கி முதலிய 8 பிட்டுக் குறிமுறைகளில் எழுதியிருந்தால் அவை புதிய மென்பொருள்களில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். மாற்றத்திற்கு முன் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தனியே சேமிப்பது நலம்.

பிற்கால நிலை

உலாவிகள் பழைய செருகுநிரல்களைக் கைவிட்டதோடு (குரோம் 2015, பயர்பாக்ஸ் 2017) வலைப்பக்கத்தினுள்ளேயே ரியல்மீடியாவை இயக்கும் வழி அடைபட்டது. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 இறுதியில் முடிந்தது. ரியல்மீடியா கோப்புகளை வி.எல்.சி. போன்ற இயக்கிகள் இன்றும் இயக்குகின்றன. எனினும் அவற்றிலிருந்து மூலச் சுரக் குறிப்புகளை அப்படியே மீட்டெடுக்க இயலாது. ஆதலின் மாற்றிய பின்னரும் மிடி மூலத்தையும், பயன்படுத்திய சவுண்டுஃபாண்ட் கோப்பையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.