எலுமிச்சம்பழமும் நாகப்பட்டினமும்

ஸ்பெயின் நாட்டுத் தலைநகர் மாட்ரிட்டில், தைசன் மியூசியத்தில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது. வயது 360-க்கும் மேல்! பாதித் தோலை உரித்து அப்படியே போட்டுவிட்டார்கள். சாறு இன்னும் காயவில்லை!

குழம்பாதீர்கள்... ஓவியம்தான். 1662-ல் வில்லெம் கால்ஃப் என்ற டச்சு ஓவியர் வரைந்தது. எலுமிச்சைக்குப் பக்கத்தில் சீனப் பீங்கான் கிண்ணம், நாட்டிலஸ் சங்கில் செய்த கோப்பை, கண்ணாடிக் கோப்பை, கீழே கசங்கிய பாரசீகக் கம்பளம். ஆள் கிடையாது, கதையும் கிடையாது. 'ஸ்டில் லைஃப்' என்பார்கள் இந்த வகையை. பள்ளிக்கூட டிராயிங் வகுப்பில் மண்பானையையும் வாழைப்பழத்தையும் வைத்து நம்மை வரையச் சொன்னார்களே, அதன் கொள்ளுத்தாத்தா!

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் வெளிச்சத்தை வைத்து வித்தை காட்டியிருக்கிறார். பின்னணி கும்மிருட்டு. ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி கசிகிறது. அது கண்ணாடியில் ஒரு புள்ளியாக மின்னுகிறது, பீங்கானில் வழுக்குகிறது, கம்பளத்தில் விழுந்து அடங்கிப்போகிறது. நம்ம தஞ்சாவூர் ஓவியத்தில் விஷயமே வேறு. தங்க ரேக்கை ஒட்டி, கல் பதித்துவிட்டால் போதும். பூஜையறை விளக்கை ஏற்றியதும் படமே தகதகக்கும். நாம் ஒளியை வாங்கித் திருப்பித் தரும் படத்தைச் செய்தோம். அவர்கள் ஒளியையே வரைந்தார்கள்.

இன்னொரு சமாச்சாரம். இந்த ஓவியங்களில் வெறும் பொருள் என்று எதுவும் இல்லை. எலுமிச்சை, பார்க்க அழகு, உள்ளே புளிப்பு. கைக்கடிகாரம் வராத காலம். மேஜை மேல் கிடக்கும் பாக்கெட் கடிகாரம், 'நேரம் ஓடுகிறது' என்கிறது. பீட்டர் கிளாஸ் என்பவர் 1630-ல் வரைந்த ஓவியத்தில் கவிழ்ந்த கோப்பை, அணைந்த விளக்கு... நடுவே ஒரு மண்டையோடு! எல்லாம் ஒருநாள் போய்விடும் என்று அர்த்தம். வள்ளுவர் 'நிலையாமை' என்று தனி அதிகாரமே போட்டுச் சொன்னதை, அவர்கள் பணக்காரர் வீட்டுச் சுவரில் படமாக மாட்டினார்கள்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் பேலன்ஸ் ஷீட் ஞாபகம்தான் வரும். கால்ஃப் மேஜையில் இருப்பவை எல்லாம் 'சொத்து'. இன்னொரு பக்கம் இருக்க வேண்டுமே?

1602-ல் பிறந்தது டச்சு கிழக்கிந்திய கம்பெனி. பொதுமக்களுக்குப் பங்கு விற்று, ஆம்ஸ்டர்டாம் சந்தையில் அந்தப் பங்குகள் கைமாறிய, உலகத்தின் முதல் பெரிய கம்பெனி. மிளகு, ஜாதிக்காய், பீங்கான், நம்ம சோழமண்டலக் கரைத் துணி என்று கப்பல் கப்பலாக வாங்கி விற்றது. 1658-ல் போர்த்துக்கீசியர்களை விரட்டிவிட்டு நாகப்பட்டினத்தையும் பிடித்தது.

அடுத்த வருஷமே தஞ்சை நாட்டுக்குப் பிடித்தது சனி. அப்போது ஆண்டவர் விஜயராகவ நாயக்கர். பீஜப்பூர் படைகள் அடுத்தடுத்து இறங்கி டெல்டாவைச் சூறையாடின. வயல்கள் பாழ். நெல் விளைகிற நாட்டிலேயே பஞ்சம்! சோற்றுக்கு வழியில்லாமல் ஜனங்கள் தங்களையும் பெற்ற பிள்ளைகளையும் விற்கும் நிலைக்குப் போனார்கள்.

வாங்குவதற்குக் கரையில் கம்பெனி தயாராக இருந்தது.

கம்பெனியின் அடிமை வியாபாரத்தை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் மார்க்கஸ் விங்க் ஒரு கணக்குத் தருகிறார். 1659 முதல் 1661 வரை நாகப்பட்டினம், பழவேற்காடு முதலான இடங்களில் கம்பெனி வாங்கிய அடிமைகள் 8,000 முதல் 10,000 பேர். கொஞ்சம் பேர் பட்டாவியாவுக்கும் மலாக்காவுக்கும் போனார்கள், பெரும்பாலோர் இலங்கைக்கு. அங்கே அவர்களுக்கு என்ன வேலை தெரியுமா? கம்பெனி நிலத்தில் விவசாயம்! காவிரிக் கரையில் பசித்தவர்களை, கடல் தாண்டிக் கொண்டுபோய் அந்நியனுக்குப் பயிர் செய்ய வைத்தார்கள்.

1661-ல் கப்பல். 1662-ல் எலுமிச்சம்பழம்.

கால்ஃப் மேல் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அவர் அடிமை வாங்கவில்லை, தூரிகைதான் பிடித்தார். அந்த மேஜையில் நாகப்பட்டினத்துப் பொருள் ஒன்று இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. ஆனால், அப்படிப்பட்ட மேஜையை விரும்பி வாங்கிய ஊரின் செழிப்பில் கம்பெனி லாபத்துக்கும் பங்கு உண்டு. அந்த லாபத்தில் நாகப்பட்டினத்துக்கும் பங்கு உண்டு.

1690-ல் சோழமண்டலத் தலைமையகமே பழவேற்காட்டிலிருந்து நாகைக்கு மாறியது. அங்கே கம்பெனி கட்டிய கோட்டைக்கு வைத்த பெயர் 'ஐம்புலன்கள்'! கண், காது, மூக்கு, நாக்கு, தோல்... அந்தக் கால ஸ்டில் லைஃப் ஓவியர்களுக்கும் ரொம்பப் பிடித்த விஷயம் அது. பழம் நாக்குக்கு, பூ மூக்குக்கு, வீணை மாதிரியான லூட் வாத்தியம் காதுக்கு என்று வரைந்து தள்ளியிருக்கிறார்கள். 1781-ல் இங்கிலீஷ்காரர்கள் நாகையைப் பிடித்தார்கள். கோட்டை இன்றைக்கு இல்லை. 'எல்லாம் ஒருநாள் போய்விடும்' என்று மண்டையோடு சொன்னது பலித்துவிட்டது.

ஆனால், அந்த மண்டையோடு சுகமாக வாழ்ந்தவனுக்குச் சொன்ன எச்சரிக்கை. 'அனுபவித்தது போதும், சாவை நினைத்துக்கொள்' என்று. அனுபவிக்க எதுவுமே இல்லாமல் கப்பல் ஏறிய தஞ்சைக் குடியானவனை யாரும் வரையவில்லை. கம்பெனிக் கணக்கில் அவன் ஒரு எண்.

எலுமிச்சைத் தோலின் ஒவ்வொரு சுருக்கத்தையும் நம்மால் இன்று எண்ணிப் பார்க்க முடிகிறது. அவன் முகம் மட்டும் இருட்டில்.